துளையிட்ட தகரக் குவளை

சமையலறையில் தகரக் குவளை விழுந்து உருளும் சத்தம் கேட்டது. பின்கொட்டகையில் பாபசுப் பனையின் கொட்டைகளை உடைத்துக்கொண்டிருந்த தல்வீனா தடியைக் கீழே வைத்தாள்.

"யாரது?"

"நான்தான் அண்ணி, சுலெய்ஜி."

அண்ணி! மூன்று வருடங்களாக நாத்தனார் மறந்திருந்த சொல்!

தல்வீனாவின் புறங்கைகளில் வளையம் வளையமாகத் தடிப்பு எழுந்தபோது, தொழுநோய் என்று ஊரெல்லாம் ஓதியவள் இவள்தான். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாடியபடி கொட்டை உடைக்கும் இடத்தில் தல்வீனாவுக்கு இடமில்லாமல் போனது. அவள் காப்பிக்கென்று, வேறு யாரும் எடுத்துவிடாதபடி அடையாளமாக விளிம்பில் ஆணியால் துளையிட்ட தகரக் குவளையை நீட்டியவளும் இவள்தான். கணவன் எடிமார் தன் தூளிப்படுக்கையைச் சுருட்டிக்கொண்டு தங்கை சுலெய்ஜியின் வீட்டுக்கே போய்விட்டான்.

நகரத்து மருத்துவர் சதையில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார். "இந்த மாதிரித் தடிப்பு கிருமியாலயும் வரும், கிருமியே இல்லாமலும் வரும். உங்களுக்குக் கிருமி இல்லம்மா. யாருக்கும் ஒட்டாது." அவர் அப்படி எழுதிக் கொடுத்த சீட்டை வாசல் சுவரில் ஒட்டி வைத்தாள். படிக்கத்தான் ஒருவரும் வரவில்லை.

தல்வீனா சமையலறைக்குள் வந்ததும் சுலெய்ஜி முழங்கையை நீட்டினாள். வெளிறிய படை, நடுவில் தீக்கொப்புளம்.

"வெறும் தேமல்னு பூண்டு தேய்ச்சேன். நேத்து அடுப்புல சுட்டிருக்கு, எனக்குத் தெரியவே இல்ல. உங்களுக்குத்தான் விவரம் தெரியும் அண்ணி..."

தல்வீனா தன் மடியில் ஒட்டியிருந்த கொட்டை ஓட்டுச் சில்லின் முனையைப் படையில் அழுத்தினாள். சுலெய்ஜி இமைக்கவில்லை.

'தேமல்தான், போ' என்று ஒரு வார்த்தை. போதும்! குவளையை நீட்டிய அந்தக் கை கொஞ்சங்கொஞ்சமாக மடங்கிப்போகும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இனித்தது. அதை விழுங்க அவள் பட்ட பாடு!

கீழே கிடந்த குவளையை எடுத்துக் காப்பி ஊற்றினாள்.

"குடி."

சுலெய்ஜி துளையைப் பார்த்தாள். குடித்தாள்.

"எனக்கு இல்லாத நோய் உனக்கு இருக்கும்போலடி. நாளைக்கே சுகாதார நிலையம் போ. மாத்திரை இலவசம், முழுசாத் தின்னா குணமாயிடும். வீட்ல இருக்கிற எல்லாரையும் சோதிப்பாங்க. உங்க அண்ணனையும் கூட்டிட்டுப் போ. என்னை விட்டு ஓடி எங்க போய் ஒளிஞ்சாருன்னு தெரிஞ்சுக்கட்டும்."

"ஊர்ல சொல்லிடாதீங்க அண்ணி!"

"நீ போகலேன்னா, கொட்டை உடைக்கிற வட்டத்துக்கு நடுவுல நின்னு சொல்லுவேன்."

"என்னை மன்னிச்சுட்டீங்களா?"

"இல்ல. குவளைய எடுத்துட்டுப் போ. அது உன்னோடது."

சுலெய்ஜி அதை மார்போடு மறைத்துக்கொண்டு படியிறங்கினாள். தல்வீனா கதவை அடித்துச் சாத்தினாள்.