கேட்காமல் தொட்ட கை

தெருவில் நடக்கும்போது நிலோபரின் உதடு அசைந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் ஏதோ துவா ஓதுகிறாள் என்று நினைப்பார்கள். "வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம்…" நெட்வொர்க் ஒயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளின் வரிசை அது. கம்பம் ஊரில் அண்ணன் ஷானவாஸ் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டரில் கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து கற்றது. பிளஸ் டூ பாடம் இந்த அளவுக்கு மனப்பாடம் ஆகியிருந்தால் வீட்டில் பிரியாணியே போட்டிருப்பார்கள்.

எது பழுதாகிக் கிடந்தாலும் அவள் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டு மிக்ஸி, மதரஸா மைக், எல்லாம் அவள் கழற்றி மாட்டியவைதான். ஒன்றையாவது கேட்டுவிட்டுத் தொட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. "ரிப்பேரா கெடக்குறதப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்க?" என்பாள்.

உத்தமபாளையத்தில் அவள் படித்த பள்ளியின் லேபில் பத்து கம்ப்யூட்டர், ஒரே பிரிண்டர். ஒயரை எலி கடித்து மூன்று மாதமாக எதிலிருந்தும் பிரிண்ட் போகவில்லை. லேபைப் பார்த்துக்கொள்ளும் சுயம்புலிங்கம் சார், கம்ப்யூட்டர் போட்டுத் தந்த கம்பெனிக்கு நான்கு கடிதம் போட்டும் ஆள் வரவில்லை. செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஒரு மதிய இடைவேளையில் நிலோபர், டிபன் பையில் அண்ணன் கடையில் ஒயர் முனைக்குப் பின் அடிக்கும் கிரிம்பிங் டூலோடு வந்து, கம்பெனி சீல் ஒட்டியிருந்த நெட்வொர்க் பெட்டியைத் திறந்து, ஒயரைச் சரிசெய்தாள். பிரிண்ட் ஓடியது. கம்பெனி ஆள் வந்து போயிருப்பான் என்று சாரும் நிம்மதியானார், விசாரிக்கவில்லை.

மறுநாள் கம்பெனி ஆள் நிஜமாகவே வந்தான். சீல் கிழிந்திருப்பதைப் பார்த்து, இனி வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டான். லேப் சாவி இருப்பது சாரிடம். அவரோ தற்காலிக ஆசிரியர். வீட்டுக்கு அனுப்ப அந்த ஒரு தாள் போதும்.

நிலோபர் நன்றாகவே பயந்தாள். ஆனாலும் தலைமையாசிரியை ஜோதிலட்சுமியின் அறைக்குப் போனாள்.

"சாரு இல்ல டீச்சர். நாந்தான் செஞ்சேன்."

"கேட்டுட்டுச் செஞ்சா என்ன?"

"கேட்டா வேணாம்பீக. அதான் கேக்கல."

"வேணாம்னு சொல்லுவோம்னு தெரிஞ்சே செஞ்சிருக்க. சார் வேலைக்கே உலை வச்சிருப்பியே."

சீலைக் கிழித்தது தான்தான் என்று அழுதுகொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாரின் வேலை தப்பியது. தேர்வு நாளைத் தவிர லேப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது அவளுக்குத் தண்டனை.

தேர்வன்று, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் உட்கார்ந்திருக்கும்போதே பிரிண்டர் பாதியில் நின்றது. சார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், வியர்வையைத் துடைத்தார். பிள்ளைகள் எல்லாரும் நிலோபரையே பார்த்தார்கள். வாசலில் நின்ற தலைமையாசிரியை அவளைப் பார்த்து, போய்ப் பார் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார்.

நிலோபர் எழுந்து போய்ப் பெட்டி முன்னால் நின்றாள். நின்றவள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டாள்.

"தொடலாம்னு வாயால சொல்லிருங்க டீச்சர்."