ஒரே ஒரு கியர்பாக்ஸ்

பணிமனையில் அவரை எல்லோரும் ‘நட்டு’ என்றுதான் சொல்வார்கள். சக்கரத்தில் ஒரு நட்டு குறைந்ததற்காக ஒரு லாரியை அரை நாள் வாசலிலேயே நிறுத்திவைத்ததால் வந்த பெயர். போர்முனை வண்டிகளுக்கு டீசல், டயர், உதிரிபாகம், மெக்கானிக் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருட ராணுவ வாழ்க்கையில் துப்பாக்கியைத் தூக்கியதைவிடத் தொலைபேசியைத் தூக்கியதுதான் அதிகம்.

படை புறப்பட நான்கு நாள் இருக்கும்போது இரண்டு வண்டிகள் கியர்பாக்ஸ் போய்ப் படுத்துவிட்டன. ஒன்று டாங்கி, அதன் ஓட்டுநர் நட்டுவின் மனைவிக்குத் தம்பி. மற்றது, பழுதான டாங்கிகளை இழுத்துவரும் மீட்பு வண்டி. இரண்டுக்கும் பொருந்தக்கூடிய கியர்பாக்ஸ் கிடங்கில் ஒன்றே ஒன்று இருந்தது. அடுத்தது வர மூன்று வாரமாகும்.

மைத்துனன் நேராக அவர் மேசைக்கே வந்தான்.

“அத்தான், என் வண்டிக்குத்தானே?”

“மீட்பு வண்டிக்கு.”

“அது சண்டையா போடப்போகுது?”

“நடுவழியில நின்னா உங்களை யாரு இழுத்துட்டு வர்றது?”

“அத்தான் தயவுல ஒளிஞ்சுக்கிட்டான்னு பசங்க சொல்வாங்க.”

நட்டுவுக்குச் சுருக்கென்றது. ஓட்டுநர் வேறு யாராவதாக இருந்தாலும் இதே முடிவுதானா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். ஆமாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அடித்துச் சொல்ல முடியவில்லை. கியர்பாக்ஸ் ஒதுக்கீட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தளபதியிடம் போனார்.

“ஓட்டுறவன் என் மச்சினன். நீங்களே முடிவு பண்ணுங்க சார்.”

“போன தடவை மூணு வண்டியை இழுக்க ஆளில்லாம விட்டுட்டு வந்தோம். மீட்பு வண்டிக்கே மாட்டுங்க.”

மைத்துனனின் டாங்கி இல்லாமலே புறப்பட்ட படை பதினோராம் நாள் திரும்பியது. மீட்பு வண்டி நான்கு டாங்கிகளை இழுத்து வந்திருந்தது. ஒன்று மட்டும் வரவில்லை, அதிலிருந்த மூவரும் வரவில்லை.

மாமியார் தொலைபேசியில் அழுதாள். “என் புள்ளையைக் காப்பாத்திட்டீங்க மாப்பிள்ளை.”

“கியர்பாக்ஸ் இல்ல அத்தை, அவ்வளவுதான்,” என்றார். அவள் நம்பவில்லை.

மைத்துனன் ஐந்து மாதம் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு, யாரையும் கேட்காமல், மீட்பு வண்டிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டான்.

“இன்னைக்காவது பேசினானா?” என்று ஒருநாள் மனைவி கேட்டாள்.

“பேசினான். கிளட்ச் தட்டு ரெண்டு வேணுமாம்.”

“குடுத்தீங்களா?”

“வரிசையில மூணாவதா இருக்கான்.”