அம்மையார் கூந்தலில் முத்து

கொள்ளிடக் கரையோரத்து மல்லித் தோட்டத்தில் பூப்பறிக்கும் ராக்கம்மாள், ஐம்பத்தெட்டாம் வருஷக் கோடையில் ஒரு காலை, செடியைத் தொடப்போன கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மஞ்சள் நூலாகப் படர்ந்து மல்லியின் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்த அம்மையார் கூந்தல் கொடி முழுவதும் கொப்புளம் கொப்புளமாக வீங்கியிருந்தது.

அடுத்த வரிசையில் பறித்துக்கொண்டிருந்த காளியாயி எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஆத்தா முத்துப் போட்டிருக்காடி. நாளைக்கு அம்மை குத்துறவர் வராராம். உன் மகளைக் காட்டிடாத. வந்து இறங்கினவளைக் குத்தினா சும்மா விடுவாளா?”

 ராக்கம்மாளின் மூத்த மகன் குத்தாமலே அம்மையில் போனவன். மிஞ்சியிருப்பது பொன்னுத்தாய் ஒருத்தி. குத்தினால் ஆத்தா கோபிப்பாள். குத்தாவிட்டால் ஆத்தா வருவாள்.

பறித்த பூவைக் கொட்டிவிட்ட பிறகும் வீட்டுக்குப் போகக் கால் எழவில்லை. கொடியிடமே திரும்பினாள். அம்மை முத்து எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மகன் உடம்பை வேப்பிலையால் வருடிய கை அது. நீர் கோத்து மெத்தென்று இருக்கும். இது கெட்டியாக இருந்தது. சமயபுரத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒன்றை நகத்தால் பிளந்தாள்.

உள்ளே ஒரு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது. அடுத்ததிலும் புழு. கொடியின் மேல், அரிசி வண்டு மாதிரி மூக்கு நீண்ட குட்டி வண்டு ஒன்று மூக்கைக் குத்தி நின்றது. மல்லி இலையில் வண்டும் இல்லை, கொப்புளமும் இல்லை.

“ஏக்கா, ஆத்தா முத்துக்குள்ள புழு வைப்பாளா?”

“தோண்டிப் பாத்தியா, பாவி? நான் எதையும் பாக்கல. என்கிட்டச் சொல்லவும் வேணாம்.”

மறுநாள் அம்மை குத்துபவர் பொன்னுத்தாயின் கையில் மருந்தை வைத்துக் குத்தூசியைத் திருகியபோது, ராக்கம்மாள்தான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொடுத்தாள்.

சில நாளில் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. சட்டையைக் கழற்றி முகம், வயிறு, உள்ளங்கால் என்று தேடினாள். எங்கும் முத்து இல்லை. குத்தின இடத்தில் மட்டும், நீர் கோத்து, மெத்தென்று.

காளியாயி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

“எத்தனை முத்துடி?”

“ஒண்ணுதான்க்கா. குத்தின இடத்துல.”

“கொடியும் அங்கங்க இத்து விழுது. மல்லி துளிர்க்குது. குத்துறவர் மறுபடி வந்தா சொல்லு. எம் பேரனும் குத்தாமத்தான் கிடக்கான்” என்றாள்.

ராக்கம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. மகளின் உள்ளங்காலை இன்னொரு தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.