வாசிக்கப்படாத ஓலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில், அறுப்பின் பண்டிகை அன்று, எலிசாளின் புருஷன் அருமைநாயகம் திருவனந்தபுரத்தை விட்டு வித்துராவுக்குப் போனார். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைக்குலைகளும் கோழிகளும் ஆலய முற்றத்தில் ஏலம் போய்க்கொண்டிருந்தன. அவர் வேலிக்கு வெளியே ரோட்டில் நின்று, துணிமூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, "நீயும் வாறியா?" என்று கேட்டார்.

"அடுப்பில சோறு கிடக்கு" என்றாள் எலிசாள்.

அடுப்பில் சோறு இல்லை. காலையிலேயே வடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். என்னவோ, வாயில் வந்தது அது. அவர் தலையை ஆட்டிவிட்டு நெடுமங்காட்டு வண்டிகள் நிற்கும் பக்கமாக நடந்தார். அவள் திரும்பி வந்து ஏலக் கூட்டத்தில் உட்கார்ந்தாள். ஒரு பூசணிக்காய் வந்தது. யாரோ கேட்டார்கள், அவள் கூட்டிக் கேட்டாள், காய் அவளுக்கே விழுந்தது. வீட்டில் கொண்டு வைத்த பிறகு மகள் ஞானபாய்தான் சொன்னாள்.

"அம்மா, இது நம்ம காயில்லியா? நேத்து நான்தானே கொண்டு குடுத்தேன்?"

எலிசாள் காயைத் திருப்பிப் பார்த்தாள். அவர்கள் கொல்லையில் காய்த்ததுதான். சிரிப்பு வரும், அல்லது அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை. காயை வெட்டிக் குழம்பு வைத்தாள்.

பாறசாலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அவர்களுடையது. அருமைநாயகத்துக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மரக்கடையில் வேலை. எலிசாள் வலியசாலை அக்கிரகாரத்தில் சில வீடுகளுக்குப் போய்ப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். சபையில் அவருக்கு டீக்கன் என்ற மரியாதையும் இருந்தது. குடியில்லை, கடனில்லை. ஒரே ஒரு பழக்கம் உண்டு. சாப்பிட்டு எழுந்ததும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொள்வார். போதகர் என்ன அர்த்தம் சொன்னார் என்று பார்க்காமல், தானே வாசித்துத் தானே யோசிப்பார். அப்படி யோசித்து, ஞானஸ்நானம் விசுவாசித்தவனுக்கு உரியது, தொட்டில் பிள்ளைக்கு உரியதல்ல என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் அதை வீட்டோடு வைத்துக்கொண்டிருக்கலாம். சபையின் போதகரான மாசிலாமணி ஐயர் (அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்) ஒரு குழந்தையின் நெற்றியில் தெளிக்கத் தண்ணீரில் கையை நனைத்தபோது, இவர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஐயரே, இந்தப் பிள்ளை எப்ப விசுவாசிச்சுது?"

"நீரு எப்ப விசுவாசிச்சீருன்னு மொதல்ல சொல்லும் வேய்" என்றார் குழந்தையின் தாத்தா. பலர் சிரித்தார்கள். ஐயர் சிரிக்கவில்லை. கமிட்டி கூடிற்று. சபை முன்னால் மன்னிப்புக் கேட்கும்வரை, அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிற திருவிருந்து அவருக்குக் கிடையாது என்று விலக்கி வைத்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கரமனை ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, வித்துராவிலிருந்து வந்த ஓர் ஊழியக்காரர் கையால் முழுகி எழுந்தார். வித்துராவில் ஐயரும் கமிட்டியும் இல்லாமல் கூடி ஜெபிக்கிறவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்களிடம்தான் போனார்.

ஞானபாய்க்கு அதற்கு முன்பே பாறசாலையில் மாப்பிள்ளை பார்த்துப் பேச்சு முடிந்திருந்தது. இனி ஓலை வாசிக்கவேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை உண்டானால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசித்துக் கேட்பிப்பதற்குத்தான் ஓலை என்று பெயர். அது வாசிக்காமல் கல்யாணம் இல்லை.

மாசிலாமணி ஐயர் டீக்கன் சற்குணத்தோடு வீட்டுக்கு வந்தார். போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்தார்.

"பிள்ளைக்க அப்பன் விலக்கில இருக்கான். சம்மதம் சொல்ல ஆளில்ல" என்றார். "ஆனா வழி இருக்கு, எலிசாளே. பவுல் எழுதியிருக்காரில்லா, அவிசுவாசியான துணை பிரிஞ்சு போனா போகட்டும், இருக்கிற துணைக்குக் கட்டு இல்லன்னு. நீ ஞாயிற்றுக்கிழமை எழும்பி, எனக்க புருஷன் அவிசுவாசி, பிரிஞ்சு போனான்னு சபை முன்னால சொல்லு. பெறவு பிள்ளைக்குப் பொறுப்பு நீதான். அடுத்த வாரமே ஓலை வாசிச்சிரலாம்."

"ஒரு வரிதானே" என்றார் சற்குணம். "வெத்தில சவைக்கதுக்குள்ள முடிஞ்சிரும்."

அவர்கள் போனபின் ஞானபாய் கதவோரத்தில் வந்து நின்றாள். "அப்பாவுக்குக் கேக்கவா போகுது? சொல்லிரும்மா."

சொல்லிவிடலாம் என்றுதான் எலிசாளுக்கும் தோன்றியது. வெகுநேரம் மடக்கி வைத்த கால் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. எதைச் சொன்னாலும் வலிக்கும் என்று படவில்லை. மறுநாள் வலியசாலையில், விஜயம் என்ற அம்மாளின் வீட்டு ரேழியில் உட்கார்ந்து ரவிக்கைக்கு விளிம்பு தைத்துக் காட்டினாள். ரேழிக்கு அப்பால் அவள் போவதில்லை.

"உங்களவாளுக்குள்ளயும் பிரஷ்டு உண்டோ, எலிசா?" என்றாள் விஜயம். சங்கதி எப்படியோ அக்கிரகாரம் வரை வந்திருந்தது.

"விலக்குன்னு சொல்லுவோம், அம்மா."

"பேருதான் வேற. குடிக்க ஜலம் குடுக்கப்படாதோ?"

"ஜலம் உண்டு. அப்பமும் ரசமும்தான் கெடையாது."

"ரசத்துக்கா இத்தனை அமர்க்களம்" என்று விஜயம் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எங்களவாள்ல தள்ளி வெச்சா, தள்ளறவா தங்கள் கையாலேயே தள்ளி வெப்பா. ஆம்படையாளை விட்டுத் தள்ளச் சொல்றதில்லை. அந்த மட்டுக்கும் தேவலை."

அன்று வீட்டுக்கு வந்து, எலிசாள் அந்த வசனம் இருக்கிற பக்கத்தை எடுத்தாள். புருஷனைப்போல அவள் தானாக வாசிக்கிறவள் அல்ல. போதகர் சொல்லும் அதிகாரத்தைத் திறந்து, சொல்லும் வரியில் விரல் வைக்கிறவள். இப்போது மேலேயிருந்து கீழே வரை வாசித்தாள். ஐயர் சொன்னது அதில் இருந்தது. ஆனால் அருமைநாயகம் அதில் இல்லை. மறுபடியும் வாசித்தாள். அப்போதும் அவர் அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றாள்.

"அவிய விசுவாசம் இல்லாம போகல்ல, ஐயரே. விசுவாசம் கூடிப்போய்த்தான் போனாவ. அந்த வசனம் அவியளுக்குச் சேராது."

"எந்த வசனம் யாருக்குச் சேரும்னு சொல்லத்தான் சபை இருக்கு."

"சபைக்கு அவியள ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு எலிசாள் உட்கார்ந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. ஓலை வாசிக்கப்படவில்லை. அவளையும் திருவிருந்திலிருந்து விலக்கினார்கள். பாறசாலை மாப்பிள்ளைக்குக் கிறிஸ்மஸ் கழிந்ததும் வேறு பெண் அமைந்தது.

அந்தச் செய்தி வந்த அன்று ஞானபாய் அழவில்லை. "அப்பா ஒரு வசனம் வாசிச்சாவ, வீடு போச்சு. நீ ஒரு வசனம் வாசிச்ச, எனக்க கல்யாணம் போச்சு. இனி அந்தப் பொஸ்தகத்த எடுத்து மேல வை" என்றாள். எலிசாள் அப்படியே அலமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்தாள்.

சில வருஷம் கழித்து ஞானபாய், இரட்சணிய சேனை என்ற வேறொரு கிறிஸ்தவக் கூட்டத்தில் முரசு அடிக்கிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்களிடம் தொட்டில் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் இல்லை, வளர்ந்தவனுக்கும் இல்லை, திருவிருந்தும் இல்லை. கொடிக்குக் கீழே நிறுத்தி மணம் முடித்தார்கள். முரசுச் சத்தம் நெஞ்சில் இடித்தது எலிசாளுக்குத் தெரிந்தது. மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் சிரித்தபோது அவளும் சிரித்தாள்.

தன் சபைக்கு அவள் போவதை நிறுத்தவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து மேசையின் வெள்ளைத் துணியை எடுக்கும்போது எழுந்து வெளியே போய் மாமரத்தடியில் நிற்பாள். பாட்டு கேட்டதும் உள்ளே வருவாள். மாசிலாமணி ஐயருக்குப் பின்னால் வந்த போதகர் இளவயசுக்காரர். அவர் மரத்தடிக்கே வந்து, "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுதே, அம்மா" என்றார். "வெயில் ஒண்ணும் இல்ல, ஐயரே. நீங்க உள்ள போங்க" என்றாள் அவள்.

முப்பத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில் வித்துராவிலிருந்து ஒரு கார்டு வந்தது. பென்சில் எழுத்து. அத்தனை வருஷத்தில் அவரிடமிருந்து வந்தது அது ஒன்றுதான். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று வாசித்தாள்.

"எலிசாளுக்கு. இங்கே கூட்டத்துப் பெரியவர்கள் எனக்குக் கஞ்சி வைத்துத் தர ஒரு விதவையை விவாகம் பேசினார்கள். அதற்கு, என் மனைவி அவிசுவாசி என்று நான் கூட்டத்தில் எழுந்து சொல்லவேண்டுமாம். அந்த வசனத்தை வாசித்துப் பார்த்தேன். உனக்கு அது பொருந்தாது என்று சொல்லிவிட்டேன். இப்போது இவர்களும் என்னோடு அப்பம் பிட்பதில்லை. வேறு விசேஷம் இல்லை. பிள்ளைக்குச் சொல்லவேண்டாம்."