நேர்க்கோடு மட்டும் தெரிந்த படங்கள்

போகியன்று காலையில் நான் நெருப்பில் போட்டவை பதினான்கு புகைப்படங்கள், அவற்றின் நெகட்டிவ்களோடு. எனக்கு அப்போது ஒன்பது வயது. தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் ரப்பர் தோட்டத்தை விட்டு புக்கிட் பெருவாங்கில் ஒரு தாமான் வீட்டுக்கு, வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்புக்கு, வந்திருந்த சமயம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர். ஆய்வேட்டை எழுதி முடிக்க எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வேகமான காற்றும் மெதுவான காற்றும் ஒட்டி ஓடும்போது நடுவில் என்ன ஆகிறது என்பதே அவர் ஆராய்ச்சி. அதைப் படமெடுத்து ஓர் உறையில் வைத்திருந்தார்.

“பழசு, கெட்டுப்போனது எல்லாத்தையும் கொண்டா லா, சீக்கிரம்!” அம்மா வாசலிலிருந்து கத்தினார். அங்கே தகர டின்னில் பழைய பாய் எரிந்துகொண்டிருந்தது.

உதவும் உற்சாகத்தில் மாமாவின் மேசைக்குப் போனேன். உறையிலிருந்த சில படங்களில் அலை அலையாகச் சுருள்கள், கோலம் மாதிரி அழகாக இருந்தன. மற்றவற்றில் சாம்பல் நிறத்தின் நடுவே ஒரு நேர்க்கோடு மட்டும். படம் விழவில்லை என்று முடிவுசெய்தேன். கடையில் கழுவி வாங்கும் படங்களை அம்மாவும் அப்படித்தான் கழிப்பார். சுருள் படங்களை மேசையிலேயே வைத்துவிட்டு, கோட்டுப் படங்களை டின்னில் போட்டேன்.

மாமா பல் துலக்கியபடி வெளியே வந்தார். டின்னுக்குள் பார்த்தார். பிரஷ் கீழே விழுந்தது. வெறுங்கையை நெருப்புக்குள் விட்டார். அம்மா அவரைப் பிடித்து இழுத்தார்.

“நல்ல படத்தையெல்லாம் இவ எடுத்து வச்சிருக்கா லா, தம்பி. அப்புறம் என்னடா?”

“அக்கா, சுருளுறது எல்லாருக்கும் தெரிஞ்சது. ரெண்டு காத்துக்கும் உள்ள வேக வித்தியாசம் சத்தத்தோட வேகத்தைத் தாண்டினா காத்து அமுங்குது, சுருள் அடங்கிப்போகுது, ரெண்டும் லேசுல கலக்காது. அந்தக் கோடுதான் என் மூணு வருசம். திரும்ப எடுக்க முடியாது. காத்து விட்டுப் படமெடுத்த அந்த மெஷினையே கழட்டிட்டாங்க.”

அம்மா கையில் ஒரு பழைய துடைப்பம் இருந்தது. அதை அவர் டின்னில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

மாமா என்னைத் திட்டவில்லை. கொப்புளம் எழுந்த விரல்களைத் தண்ணீர் வாளியில் விட்டு உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் பள்ளி நோட்டிலிருந்து பதினான்கு தாள்கள் கிழித்து, பென்சிலால் சாம்பல் தீட்டி, ஒவ்வொன்றிலும் அடிக்கோல் வைத்து ஒரு கோடு போட்டு மாமாவிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாக, கடைசித் தாள் வரை பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஒன்பதாவது தாளில் அடிக்கோல் கொஞ்சம் நழுவியிருந்தது. அதற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, அழிப்பானைத் தேடி உள்ளே ஓடினேன்.