வாளேந்திய கல்லுக்குப் பின்னால்

திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவன் நான். ராயக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் வாடகைக்கு இருக்கிறேன். பிறந்ததுமே இறந்துபோன என் மகளை அந்த ஊர்ச் சுடுகாட்டில் வீட்டு ஓனர்தான் புதைத்தார். அப்போது நான் ஆஸ்பத்திரியில் மனைவியோடு இருந்தேன். எந்த இடம் என்று பிறகும் கேட்கத் தைரியம் வரவில்லை.

போன மாதம், ரோடு போட அங்கே ஜேசிபி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஷிஃப்டிலிருந்து பாதியில் ஓடினேன். சுடுகாட்டின் ஓரமெல்லாம் கிளறிக் கிடந்தது. ஒவ்வொரு மண்குவியலாகக் குனிந்து பார்த்தேன்.

"இன்னும் எதுவரைக்கும் தோண்டுவீங்க?" என்று டிரைவரிடம் கத்தினேன்.

"வேடியப்பன் கல்லு வரைக்குந்தான் சார். அதத் தாண்டுனா ஊரு சும்மா உடாது."

அது ஒரு நடுகல்; இந்தப் பக்கம் நடுகல் சாமிகளை வேடியப்பன் என்றுதான் பொதுவாக அழைப்பார்கள். என்றோ ஊருக்காகச் சண்டையில் செத்த, பெயர் தெரியாத வீரன் அதில் வாளோடு நிற்கிறான். அதற்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிறவர்களைப் பார்த்து நான் சிரித்ததுண்டு.

பின்னாலேயே வந்த ஓனர் என் தோளைப் பிடித்தார். "எதுக்குத் தம்பி பயப்படற? பாப்பா அந்தக் கல்லுக்குப் பின்னாடி இருக்குது. வெளியூர்க்காரங்க கொழந்தய அங்கதான் வெப்போம். சாமி பாத்துக்கும்."

என்றோ அவன் உயிரைக் கொடுத்துக் காத்த ஊரில், இப்போது என் மகளும் ஒருத்தி.