மறைமலை நகர் கேட்டுக்கு வெளியே நின்ற பரிமளா மேடம்

பரிமளா மேடம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவள் எங்கள் பழைய மாணவி நிவேதா. தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். போனை எடுத்ததும், "சார், மேடம் போயிட்டாங்க சார். காலைல மாடில துணி காயப்போடப் போனவங்க, அங்கயே விழுந்துட்டாங்களாம்" என்றாள். எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்களுக்கு மேடம் என்றால் ஒருவர்தான்.

கடைக்காரரிடம் பையை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தும் திரும்பவில்லை. மேடத்தின் வீடு திருநீர்மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. பஸ்ஸில் ஏறி, வீட்டில் சொல்லவில்லையே என்று வழியிலேயே இறங்கி, போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று மறுபடி வேறு பஸ்ஸில் ஏறினேன். மனசு அன்று தொடங்கிய அலைச்சலை இன்னும் நிறுத்தவில்லை. இந்தக் குறிப்பும் அந்த அலைச்சலோடுதான் எழுதப்படுகிறது. அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

அவர் ஃபிட்டர் பிரிவின் பயிற்றுநர். நான் அதே மாணவர்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் எடுப்பவன். ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுக் கற்பிக்க வந்தவர் என்பதால், வகுப்பறையையும் ஷிஃப்ட் மாதிரிதான் நடத்துவார். முதல் நாள் புது மாணவர்களிடம், "இங்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கு, சொல்லுங்க" என்று கேட்பார். யாராவது "லீவு" என்பார்கள். சிரித்துவிட்டு, "வேணாம்னு சொல்ற உரிமை இருக்கு. ஆனா ஏன் வேணாம்னு சொல்ற பொறுப்பும் உங்களுக்குத்தான்" என்பார். கேட்கிறவர்களுக்கு அப்போது அது பெரிதாகப் படாது. எனக்கும் பட்டதில்லை.

நிவேதாவை அவர் முதலில் வெளியேதான் நிற்கவைத்தார். கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஃபிட்டர் படிக்க வந்த பெண். ஒருநாள் ரப்பர் செருப்போடு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தாள். மேடம் வாசலிலேயே நிறுத்திவிட்டார். மறுநாளும் செருப்புதான். அன்றும் வாசல்தான். மூன்றாம் நாள் அவளுடைய அம்மா வந்துவிட்டார். மீன் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த கோபம் முகத்தில் தெரிந்தது.

"இன்னா மேடம், எம்பொண்ண வெளிய நிக்க வச்சிகினு கீற? படிக்கத்தான அனுப்பனேன், வாட்ச்மேன் வேலைக்கா அனுப்பனேன்?"

"ஒர்க்‌ஷாப்ல ஷூ இல்லாம விட மாட்டேன்மா. இரும்புத் துண்டு கால்ல விழும்."

"காலு அவளுதுதான?"

"கால் அவளோடதுதான். அடிபட்டா தூக்கிட்டு ஓடப்போறது பக்கத்துல நிக்கிற பிள்ளைங்கம்மா."

அந்த அம்மா மகளின் கால் செருப்பைப் பார்த்தார். பிறகு, "ஷூ காலேஜே தரும்னு சேக்கும்போது சொன்னாங்களே, எங்க கீது அது?" என்று கேட்டார். மேடத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நிவேதாவைத் தனியாக அழைத்து, "இத ஏன் என்கிட்ட நீ சொல்லல?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் சொந்தமாக வாங்கிப் போட்டுக்கொண்டதால் யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மேடம் நேராக ஒர்க்‌ஷாப்பைப் பூட்டினார். "ஷூ கொடுக்கிறது காலேஜோட வேலை. போட்டுக்கிறது உங்க வேலை. ரெண்டுல எது நடக்கலன்னாலும் இந்தக் கதவு திறக்காது" என்று சொல்லி, எல்லோரையும் வெளியே மரத்தடியில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். நிர்வாகம் முணுமுணுத்தது. அந்த வாரமே ஷூ வந்தது.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் நான் சொல்ல வேண்டியது. உங்களில் சிலருக்கு அதில் ஒரு பாதி தெரியும். இன்னொரு பாதியைத் தவறாகக் கேள்விப்பட்டவர்களும் இருக்கிறீர்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களை மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தோம். பயிற்சி முடிந்ததும் சிலருக்கு அங்கேயே வேலை கிடைக்கும் என்ற பேச்சு இருந்தது. ஒருநாள் மதியம் நிவேதா தனியாகக் கல்லூரிக்குத் திரும்பி வந்தாள். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷினில் அவளை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மெஷினில், கை உள்ளே போய்விடாமல் தடுக்க ஒரு கம்பி வலை இருக்கும். அது வேலையைத் தாமதமாக்குகிறது என்று யாரோ அதைத் தூக்கிக் கட்டி வைத்திருந்தார்களாம். "வலையைக் கீழ விடுங்க, இல்லன்னா நான் நிக்க மாட்டேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். சூப்பர்வைசர், "இஷ்டம் இல்லன்னா கிளம்பு" என்றிருக்கிறார். கிளம்பி வந்துவிட்டாள்.

அவள் வருவதற்கு முன்பே தொழிற்சாலையிலிருந்து எங்கள் கல்லூரி முதல்வருக்குப் போன் வந்துவிட்டது. அவர் மேடத்தையும் என்னையும் அழைத்தார். "அந்தப் பொண்ணு நாளைக்குப் போய் மன்னிப்பு கேக்கட்டும். இல்லன்னா பரீட்சை எழுத விடுறது கஷ்டம்" என்றார்.

"எதுக்கு சார் மன்னிப்பு?" என்று மேடம் கேட்டார்.

"ஒழுங்கீனம்."

"வேணாம்னு சொன்னா. ஏன்னும் சொல்லியிருக்கா. இதுக்கு மேல என்ன ஒழுங்கு வேணும்?"

முதல்வர் மேசையிலிருந்த காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார். நாங்கள் வெளியே வந்தோம். நிவேதா வராந்தாவில் நின்றிருந்தாள். மேடம் அவளைத் தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பாள்.

"நீ செஞ்சது சரி" என்றார் மேடம். "நீ வந்ததுக்கப்புறம் அந்த மெஷின்ல யாரு நிக்கிறா?"

நிவேதா விழித்தாள். "எங்க கிளாஸ் சதீஷ கூப்ட்டாங்க மேடம்."

"வலை கட்டியிருக்குன்னு அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல மேடம். கோவத்துல வந்துட்டேன்."

அவள் முகத்திலிருந்து அதுவரை இருந்த தைரியமெல்லாம் இறங்கிவிட்டது. மேடம் திட்டவில்லை. "வா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தார். எனக்கு அடுத்த வகுப்பு இருந்தது. மாணவர்களைப் படித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு நானும் கூடவே போனேன்.

தாம்பரத்திலிருந்து மறைமலை நகருக்கு மின்சார ரயிலில் அதிக நேரம் ஆகாது. அன்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் வேண்டுமென்றே நிற்பதுபோல இருந்தது. நிவேதா சதீஷின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவளுக்கே தெரியும். மேடம் இறங்கும்வரை கதவுப் பக்கமே நின்றார்.

தொழிற்சாலை கேட்டில் எங்களை உள்ளே விடவில்லை. அனுமதி இல்லாமல் யாரையும் விடக் கூடாது என்று செக்யூரிட்டி தன் வேலையைச் செய்தார். மேடம் உள்ளே இருந்த அதிகாரிக்குப் போன் போட்டார். வலையை இறக்கச் சொல்லுங்கள், அதுவரை சதீஷை அந்த மெஷினிலிருந்து எடுங்கள் என்றார். அந்தப் பக்கம், பார்க்கிறோம் என்ற மாதிரி ஏதோ பதில். காத்திருந்தோம். உள்ளே மெஷின்களின் சத்தம் வெளியே வரை கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் நிவேதா கண்ணை மூடிக்கொண்டாள்.

மேடம் மறுபடி போன் செய்தார். இந்தமுறை குரல் வேறாக இருந்தது. "என் ஸ்டூடன்ட்ஸ் எல்லாரையும் இப்பவே வெளிய அனுப்புங்க. பயிற்சி போதும். நான் பொறுப்பு" என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சதீஷ் கடைசியாக வந்தான். மேடம் முதலில் பார்த்தது அவன் கைகளைத்தான். இரண்டும் நன்றாக இருந்தன. நிவேதா அவன் அருகில் போய், "சாரிடா, சொல்லாம வந்துட்டேன்" என்றாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

"ஏன் மேடம் கூப்ட்டீங்க?" என்றான். "எனக்குத்தான் ஒன்னும் ஆகலயே. வேலை குடுக்கிறேன்னு சொன்ன கம்பெனி மேடம். அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. யாரக் கேட்டு எங்கள வெளிய கூட்டினு வந்தீங்க?"

திரும்பும் ரயிலில் மாணவர்கள் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். மேடம் என் அருகில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி, "அவன் கேட்டது நியாயம்தான் சார்" என்றார்.

"அவனுக்கு ஆபத்து இருந்தது மேடம்."

"சதீஷுக்கு இருந்துது. மத்தவங்களுக்கு? அவங்க வேற மெஷின்ல நின்னாங்க. அத்தன பேரோட வேலையையும் நான் ஒருத்தியே முடிவு பண்ணிட்டேன். ஒரு வார்த்தை கேட்டேனா?"

நான் எவ்வளவோ சமாதானம் சொன்னேன். எதுவும் அவரிடம் எடுபடவில்லை. மறுநாள் காலை வகுப்பில் எல்லோர் முன்னாலும் நின்று அவர் சொன்னது இதுதான்: "சதீஷ அந்த மெஷின்லேர்ந்து எடுத்தது சரி. அதுக்கு நான் மன்னிப்பு கேக்க மாட்டேன். உங்களக் கேக்காம எல்லாரையும் கூட்டிட்டு வந்தது தப்பு. உங்க விஷயத்துல உங்களக் கேக்கணும். அது உங்க உரிமை. அத நானே எடுத்துக்கிட்டேன்." சிலர் எழுந்து, "பரவால்ல மேடம்" என்றார்கள். சதீஷ் எழவில்லை.

பழி மேடத்தின் மேல் விழுந்ததால் நிவேதாவை விட்டுவிட்டார்கள். அவள் பரீட்சை எழுதினாள். மேடத்தை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து, தியரி வகுப்புகளை மட்டும் கொடுத்தார்கள். கையில் கருவி இல்லாமல் அவர் வகுப்பறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பாடம் சொன்னதைப் பார்ப்பதே எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாலை வேளைகளில் நாங்கள் இருவரும் குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் இருந்த சின்னச் சின்னப் பட்டறைகளில் ஏறி இறங்கி, மாணவர்களுக்குப் பயிற்சி இடம் கேட்டோம். எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. சிலருக்கு அந்த ஆண்டு வீணானது உண்மை. அந்தத் தொழிற்சாலையில் பிறகு யாருக்காவது அடிபட்டதா, வலையை இறக்கினார்களா என்று எங்களுக்குத் தெரியாது. அவர் செய்தது சரி என்று காட்ட ஒரு சம்பவமும் நடக்கவில்லை. அது நடக்காமல் இருந்ததுதான் நல்லது என்று அவர் சொல்வார். ஆனாலும் தூக்கம் வருவதில்லை என்பார்.

அஞ்சலி செலுத்த வந்தவர்களில் சதீஷும் இருந்தான். இப்போது வேறொரு தொழிற்சாலையில் வேலை. நிவேதா, நாவலூரில் ஓர் அலுவலகக் கட்டிடத்தின் பராமரிப்பு வேலையிலிருந்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள். இருவரும் தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அருகில் போனதும் சதீஷ், "அன்னிக்கு ஒன்னும் ஆயிருக்காது சார். இப்பவும் அதத்தான் சொல்வேன்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா என்கிட்ட சாரி கேட்ட ஒரே வாத்தியார் அவங்கதான். நான்தான் திரும்ப ஒரு வார்த்தை பேசல" என்றான். நிவேதா அவன் தோளைத் தொட்டாள். மேடத்தின் உடலை ஏற்றிய ஆம்புலன்ஸ் கிளம்பும்போது அவன் அதன் பின்னாலேயே கொஞ்சதூரம் வேகமாக நடந்து போனான்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு வழக்கம். மறைமலை நகர் போன அந்த நாளுக்குப் பிறகு மாணவர்களைப் பற்றிய எந்த முடிவையும் அவர்களைக் கேட்காமல் அவர் எடுத்ததில்லை. பதில் வரும்வரை காத்திருப்பார். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த வாரம் மாணவர்களைப் புதிய இடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பொறுப்பு இப்போது என்னிடம். நேற்று வகுப்பில், "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. காத்திருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், அங்க ஏதாவது சரியில்லன்னு நாங்க திரும்பி வந்துட்டா, எங்க மார்க்ல கை வைக்க மாட்டீங்களே?"

"வைக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு முழுக்க என்னையே பார்த்தது. முதல்வரிடம் இதை இன்னும் பேசவில்லை. நாளைக் காலை அவர் அறைக் கதவைத் தட்டப் போகிறேன்.